செல்லாயியின் பங்கு

முன்னொரு காலத்தில், கடற்காற்று அரண்மனைக்குள்ளேயே உப்பைக் கொண்டுவந்து கொட்டும் ஒரு நாட்டில், மீன்கள்மேல் உயிரையே வைத்திருந்த மன்னர் ஒருவர் இருந்தார். இலைக்கு வரும் மீன் அல்ல. அரண்மனைக் குளத்தில் அவர் வளர்த்த கெண்டைகள். அவற்றில் மூத்தவளுக்குச் செல்லாயி என்று பெயரும் வைத்திருந்தார்.

தான் உண்பதையே தன் செல்லங்களும் உண்ணவேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. நெய்ப் பொங்கலையும் இறால் வறுவலையும் கூடை கூடையாகக் குளத்தில் கொட்டச் செய்தார். தண்ணீர் கெட்டுப் பல மீன்கள் செத்து மிதந்தன. செல்லாயி முள்ளும் செதிலுமாய்ப் படிக்கட்டோரம் ஒதுங்கினாள். அன்றிலிருந்து மன்னருக்கும் சோறு இறங்கவில்லை.

அவரை அப்படிப் பார்க்க விகடகவி உத்தண்டிக்கு மனசு தாங்கவில்லை. மீன்களைத் தேற்றுவது தன் பொறுப்பு என்று வாயைக் கொடுத்தான். அவன் பேச்சுக்கு மன்னர் சிரித்தாலே வயிறு எரியும் மடைப்பள்ளித் தலைவர் அரங்கேசர், இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தார்.

“மன்னர் உண்ணும் விருந்தையே மீன்களும் உண்ணவேண்டும். ஆயினும் மன்னரின் இலையில் ஒரு பருக்கையும் குறையலாகாது. நாற்பது நாளில் மீன்கள் தேறாவிட்டால் விகடகவி நாட்டைவிட்டுப் போகட்டும்” என்றார். கவலையில் இருந்த மன்னர் தலையாட்டிவிட்டார்.

உத்தண்டி நேரே மடைப்பள்ளிக் கொல்லைக்குப் போனான். அங்கே இறால் ஆயும் வேலாயி, தலையும் ஓடுமாக ஒரு கூடையைக் குழியில் கொட்டப் போனாள். அதைத் தனக்குத் தரச் சொன்னான்.

“கப்படிக்குதே ஐயா, இத வச்சு என்ன பண்ணப் போறீங்க?”

“இது ராசா வீட்டு விருந்து, வேலாயி. சிந்தாமக் கொடு.”

அதை அவித்து, வெயிலில் காயவைத்து, உரலில் இடித்தான். செக்கிலிருந்து எள்ளுப் பிண்ணாக்கும், நெல் குத்தும் இடத்திலிருந்து தவிடும் வாங்கிவந்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து உலர்த்தினான். கெட்ட தண்ணீரை இறைத்து மாற்றிக் குளம் தெளிந்ததும், ஓட்டைப் பானையில் சில உருண்டைகளை மட்டும் போட்டுத் தண்ணீரில் தொங்கவிட்டான். அவன்மேல் வீசிய வாடைக்கு அவன் மனைவி வாசற்படி ஏற விடவில்லை. இரண்டு நாள் ஒரு மீனும் வரவில்லை. மூன்றாம் நாள் செல்லாயி வந்து பானையை முட்டினாள். உத்தண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

நாற்பதாம் நாள் மீன்கள் கொழுகொழுவென்று துள்ளின. அரங்கேசர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் உருண்டையை மன்னரிடம் நீட்டி, இது மடைப்பள்ளிக் குப்பை, விருந்தல்ல என்று முறையிட்டார்.

உத்தண்டி வணங்கினான். “மன்னா, தங்களுக்கு இறாலின் சதை, மீன்களுக்கு அதே இறாலின் தலை. தங்களுக்கு எள்ளின் எண்ணெய், அவற்றுக்குப் பிண்ணாக்கு. தங்களுக்கு அரிசி, அவற்றுக்கு அதே நெல்லின் தவிடு. விருந்து ஒன்றுதான். தங்கள் இலையில் எது குறைந்தது என்று அரங்கேசரே சொல்லட்டும்.”

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி உத்தண்டிக்கு அணிவித்தார். இனித் தினமும் அந்த இறால் தலைக் கூடையை அரங்கேசரே சுமந்துவந்து உத்தண்டியிடம் கொடுக்கவேண்டும் என்றும் ஆணையிட்டார். பிறகு, பல நாளைக்குப் பின் பசிக்கிறது என்று சொல்லி, உத்தண்டிக்கும் பக்கத்தில் இலை போடச் சொன்னார்.

தலையோடு சுட்ட பெரிய இறால் ஒன்று வந்தது. மன்னர் அதன் தலையைக் கிள்ளி இலையோரம் பத்திரமாக வைத்தார்.

“தங்கள் இலையில் குறைகிறதே, மன்னா” என்றான் உத்தண்டி.

“அது என் பங்கல்ல, செல்லாயியின் பங்கு” என்றார் மன்னர்.