மயிலுக்கு உடையவர்

மலையடிவாரத்துப் பாவடிப்பட்டியில் தெய்வானை என்றொரு நெசவுக்காரி இருந்தாள். காட்டோரம் ஆடும் மயில்களைப் பார்த்துப் பார்த்து, தோகையின் கண்களை அப்படியே முந்தானையில் இறக்கி, மகள் கல்யாணத்துக்கென்று மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு சேலை நெய்தாள்.

சேதி ஜமீன்தார் சொக்கநாத பூபதியின் காதுக்கு எட்டியது. மனைவி பக்கத்தில் அமர்ந்திருக்க, ஊரைக் கூட்டிவைத்து அவளைச் சேலையோடு வரவழைத்தார்.

"இந்த வட்டாரத்து மயிலெல்லாம் என் மயில். என் மயிலைப் பார்த்து நெய்த சேலையும் எனக்குத்தான் சொந்தம். வைத்துவிட்டுப் போ!"

தெய்வானை சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டாள்: "எல்லா மயிலும் எஜமானோடதுதானுங்களா?"

"கொண்டையிலிருந்து தோகை வரைக்கும் என்னுடையதுதான்!"

தெய்வானை கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணன்மாரே, கேட்டுக்கிட்டீங்களா? மூணு வருஷமா நம்ம நிலக்கடலையைக் கொத்தித் தின்ன மயிலுக்கு உடையவர் யாருன்னு தெரியாம தவிச்சோமே! இதோ, அவரே சொல்லிட்டார்."

குடியானவர்கள் திமுதிமுவென்று முன்னே வந்தார்கள். ஜமீன்தாருக்கு வேர்த்துக் கொட்டியது.

"அட, அதெல்லாம் மலையிலிருந்து இறங்கி வருகிற காட்டு மயில்! அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்போ இந்தச் சேலைக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லீங்களே, எஜமான்" என்று கும்பிட்டாள் தெய்வானை.

முதலில் சிரித்தது ஜமீன்தாரின் மனைவிதான். பிறகு ஊரே சிரித்தது.

மறுநாள் காலையில் அரண்மனையிலிருந்து தெய்வானை வீட்டுக்கு ஆள் வந்தான். ஜமீன்தாரம்மாவுக்கும் அதே மாதிரி ஒரு சேலை நெய்ய வேண்டுமாம். காட்டு மயிலாகவே இருக்கட்டுமாம்.