பின்னால் வந்தவன்

ஆற்றோரத்தில் ஒரு மடம் இருந்தது. மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு அங்கே கஞ்சி காய்ச்சினார்கள். காய்ச்சுவது ஆற்றோரத்தில், ஊற்றுவது ஏற்றத்தின் உச்சியில் இருந்த கல்மண்டபத்தில். தண்ணீர் கீழே, பசி மேலே என்று மடத்தில் சொல்வார்கள்.

கஞ்சி அண்டாவை ஒரு மூங்கில் தண்டில் இரும்புச் சங்கிலியால் தொங்கவிட்டு, இரண்டு பேர் தோளில் தூக்கிப் போவார்கள். முன்தோள் கோமதிநாயகம். பின்தோள் அவருடைய நண்பர் இசக்கியப்பன். பல வருஷங்களாக அவர்கள்தான்.

மடத்துக்குக் குரு செண்பகத்தம்மை. நாயகத்தைவிட வயதில் இளையவர். நாயகம் அவரை அம்மா என்பார். அவர் நாயகத்தை நீங்கள் என்றுதான் பேசுவார்.

ஒரு மாசி மாதம் இசக்கியப்பன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். யாரோடும் சண்டையில்லை. ஒரு சொல் சொல்லவில்லை. முந்தின நாளும் அண்டா சுமந்தார்.

அதற்குப் பிறகு நாயகம் பின்தோளுக்கு யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. குடங்களில் ஊற்றித் தனியாகத் தூக்கிப் போனார். கஞ்சி ஆறிப்போய்த்தான் மேலே போய்ச் சேர்ந்தது.

"அண்ணாச்சி, மேலே ஆளுக பசியில மண்டபத்துத் தூணைக் கடிக்காங்க" என்றாள் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளும் பரமு. "ஒருத்தரைக் கூட்டிக்கிட்டா என்ன?"

நாயகம் குடத்தைத் தூக்கினார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் உட்கார்ந்ததும், சாப்பிடும் முன்பு, ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்ல வேண்டும். இன்றைக்கு யாரால் சாப்பிடுகிறோமோ அவர் பெயர். உழுதவர் பெயரைச் சொல்வார்கள். விறகு தந்தவர் பெயரைச் சொல்வார்கள். இருக்கிறவர், இறந்தவர் என்ற பேதம் கிடையாது. ஒருமுறை பரமு தன் பெயரையே சொன்னாள். "ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணு போச்சு. வேற யார் பேரைச் சொல்ல?" என்றாள். குரு சிரித்துவிட்டு, சரிதான் என்றார்.

இசக்கியப்பன் போன மறுநாள் குரு மடத்தில் இல்லை. பந்தியில் நாயகம் நண்பரின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். பெரியவர் சிவனணைந்தபெருமாள் கையை உயர்த்தினார்.

"தானா போனவன் பேரைச் சோத்துக்கு முன்னால சொல்லக்கூடாது" என்றார்.

நாயகம் எழுந்து போனார். பிறகு பந்திக்கே வரவில்லை. மண்டபத்தில் மிஞ்சுவதைக் கொஞ்சம் குடித்தார். அதுவும் சில நாள் இல்லை. ஆனாலும் பந்தியில் அவருக்கு ஓர் இலை தினமும் விழுந்தது. போடச் சொன்னது குரு.

ஒரு காலை நாயகம் துணிமூட்டையோடு குருவின் முன் வந்து நின்றார்.

"போறேம்மா."

"எங்கே?"

"தெரியல."

குரு காத்திருந்தார்.

"பக்கத்துப் பாயிலதான் படுத்திருந்தான்" என்றார் நாயகம். "முந்தின நாள் என்கூடச் சுமந்தான். எனக்கு ஒண்ணும் தெரியல. கூடவே இருந்தவனுக்கு எப்படித் தெரியாமப் போகும்? அதை மட்டும் சொல்லுங்க. சொன்னா இருக்கேன்."

குரு வெளியே பார்த்தார். அண்டாவில் கஞ்சி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"இது இன்னும் மேலே போகல. கொண்டுபோய் வச்சுட்டுப் புறப்படுங்க" என்றார். "தண்டை எடுங்க. பின்தோள் நான்."

"நீங்களா?"

"ஏன், எனக்குத் தோள் இல்லையா?"

பரமு கரண்டியோடு வந்தாள். "வழுக்கி விழுந்தா கஞ்சிக்கு நான் பொறுப்பில்லம்மா."

"எனக்கு?"

"உங்களைத் தூக்க நாங்க இருக்கோம். கொட்டின கஞ்சியை யார் தூக்குவா?"

நாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டையை இறக்கி வைத்தார். குரு சங்கிலியைத் தண்டின் நடுவில் பார்த்து மாட்டினார். இருவரும் தூக்கினார்கள்.

ஏற்றம் தொடங்கியதும் நாயகத்தின் நடை தடுமாறியது.

"பரமு அரிசியைக் கூடப் போட்டுட்டாளா?"

"இல்ல. தினமும் போடுறதுதான்."

இன்னும் கொஞ்சம் ஏறினார்கள். சுமைதாங்கிக் கல் வந்தது. நாயகம் இறக்கினார். மூச்சு வாங்கியது.

"அண்டா என் பக்கம் சரிஞ்சுட்டுதா, பாருங்கம்மா."

"நடுவுலதான் இருக்கு."

"எப்பவும் நடுவுலதான் இருக்கும். இப்படிக் கனத்ததில்ல."

மறுபடி தூக்கினார்கள்.

மண்டபத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், பாதத்தில் துணி சுற்றிய ஒரு கிழவர், இன்னும் சிலர். சூடாகக் கஞ்சி ஊற்றி வெகுநாளாகியிருந்தது. கிழவர் ஊதி ஊதிக் குடித்தார்.

கூட்டம் ஓய்ந்ததும் குரு மூங்கில் தண்டை எடுத்து நாயகத்தின் மடியில் குறுக்கே வைத்தார்.

"தடவிப் பாருங்க."

நாயகம் நடுவில் தடவினார். மூங்கில் வழவழவென்று இருந்தது. கை பின்பக்கம் நகர்ந்தது. கடைசி முனைக்குக் கொஞ்சம் முன்னால் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. சங்கிலி கடித்துக் கடித்து ஆழமாக விழுந்த தடம்.

அவர் முன்முனையிலிருந்து மறுபடி தடவினார். வேறு தடமே இல்லை.

"இங்கேயா தொங்குச்சு?"

"பின்னால வர்றவர்தானே சங்கிலி மாட்டுவார்" என்றார் குரு.

நாயகம் தடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"சுமக்க ஆரம்பிச்ச முதல் மழைக்காலத்துல அவன்கிட்டச் சொன்னேன், இடுப்பு விட்டுப்போகுது, இனி என்னால முடியாதுடான்னு. 'சரி, நீ முன்னால நட'ன்னான். அவ்வளவுதான் சொன்னான். பிறகு வலி குறைஞ்சுட்டுது. தைலம் கேட்டுதுன்னு நினைச்சேன்."

அவர் அழுதார். குரு அழவிட்டார். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது நடந்தது உங்க முதுகுக்குப் பின்னால."

"ஆமாம்மா."

"தினமும்."

"ஆமா."

"உங்க வலியை நீங்க சொன்னீங்க. அவர் வலியை அவர் சொன்னாரா?"

"இல்ல."

"சொல்லியிருந்தா?"

நாயகம் யோசிக்கவே இல்லை. "சங்கிலியை என் பக்கம் இழுத்திருப்பேன்."

குரு தலையசைத்தார்.

இறங்கும்போது அண்டா வெறுமையாக இருந்தது. சங்கிலி கிலுங்கியது. முன்னால் நடந்த நாயகம் சுமைதாங்கிக் கல்லருகே நின்றார். திரும்பினார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"எனக்கும் சில நேரம் உயிரோட இருக்கவே பிடிக்கல. நானும் போயிடலாமான்னு தோணுது. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

குரு தண்டை இறக்கி வைத்தார். கல்லில் உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கும் இடம் விட்டார். நாயகம் பேசினார். வெயில் ஏறும்வரை பேசினார். குரு கேட்டுக்கொண்டே இருந்தார்.

எழுந்தபோது சொன்னார்:

"சாயங்காலம் வைத்தியரைப் பார்க்கப் போவோம். நானும் வாறேன். இன்னியிலிருந்து பாயைச் சிவனணைந்தார் பக்கத்துல போடுங்க. அவர் விடுற குறட்டையில யாரும் தனியா இருக்க முடியாது."

நாயகம் சிரித்தார். அவருக்கே அது புதிதாக இருந்தது.

துணிமூட்டை வைத்த இடத்தில் இல்லை. "அழுக்கா இருந்துச்சு. துவைச்சுப் போட்டுட்டேன்" என்றாள் பரமு. "இனி காயணும். அதுவரைக்கும் எங்கேயும் போக முடியாது, அண்ணாச்சி."

மதியம் பந்தியில் இலை போட்டார்கள். நாயகம் தன் இலையின் முன் உட்கார்ந்தார். பெயர்கள் வரிசையாக வந்தன. பரமு, அண்டாவுக்கு ஈயம் பூசியவரின் பெயரைச் சொன்னாள். நாயகத்தின் முறை வந்தது.

"இசக்கியப்பன்" என்றார். குரல் தெளிவாக இருந்தது.

சிவனணைந்தபெருமாள் இலையிலிருந்து கையை எடுத்தார்.

"அம்மா, எனக்கும் அவன் மேல பிரியம் உண்டு. ஆனா அவன் போன விதத்துக்கு, சோத்துக்கு முன்னால பேரைச் சொல்லலாமா?"

குரு அவரைக் கனிவோடு பார்த்தார்.

"நீங்க இந்த ஊருக்கு முதல்ல எப்படி வந்தீங்க, பெரியவரே?"

"மலைக்குப் போற வழியில மண்டபத்துல மயங்கி விழுந்தேன். கஞ்சி ஊத்தி எழுப்பினாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"அந்தக் கஞ்சியைக் கொண்டுவந்தது யாரு?"

பெரியவர் நாயகத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் சாத்தியிருந்த மூங்கில் தண்டைப் பார்த்தார்.

குரு தன் இலையில் தண்ணீர் தெளித்தார்.

"அவர் எப்படிப் போனார்னு நான் கேக்கல. கஞ்சி எப்படி வந்துச்சுன்னுதான் கேக்கேன்."