அரக்கா, மஞ்சளா?

அந்தக் காலத்தில், பறப்பதும் ஊர்வதும் மனுஷரைப் போலவே வாயாடிக்கொண்டு திரிந்தபோது, பச்சோந்திக்கு ஒரே நிறம்தான். தலையிலிருந்து வால் நுனி வரை வேப்பிலைப் பச்சை. நடையும் நேரான நடை. முன்னால் வைத்த காலைப் பின்னால் இழுத்தவள் இல்லை.

அவள் வேலமரத்தடியில் குழி பறித்து முட்டையிட்டாள். மண்ணைத் தள்ளி மூடும்போதே கவலை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் வெளியே வரும்போது மார்கழிப் பனி கொட்டுமே, அந்தப் பூஞ்சை உடம்பு தாங்குமா? எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஓர் ஒட்டுப்போர்வை தைத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். அவள் தெளிவாக எடுத்த கடைசி முடிவு அதுதான்.

துணிக்குப் பஞ்சமில்லை. பக்கத்திலேயே சாயக்காரர் தெரு. காற்றில் பறந்து வந்த துண்டுகள் வேலிமுள் எங்கும் தொங்கின. மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில்கழுத்து, வெங்காயச் சருகு நிறம் என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மரமேறினாள். அடுத்த கிளையில் குடியிருந்த தையல்சிட்டு முள் ஊசியும் பஞ்சு நூலும் இரவல் கொடுத்தது.

பாதிப் போர்வை மளமளவென்று வளர்ந்தது. நடுவில் வெங்காயச் சருகு, சுற்றிலும் மயில்கழுத்து. கண்ணை எடுக்க முடியாத அழகு. அடுத்த வரிசைக்குத்தான் வந்தது வினை. அரக்கு வைத்துத் தைத்தாள். இருண்டு போனது போலிருந்தது. பிரித்தாள். மஞ்சள் வைத்தாள்; கண்ணைக் குத்தியது. அதையும் பிரித்தாள். பிரித்த பிறகு, அரக்கே தேவலையோ என்று தோன்றியது.

"ஏன் மதினி, நேத்து தச்சத இன்னைக்குப் பிரிக்கிறீக?" என்றது சிட்டு.

"ஒண்ணுமே புரியலை தாயி. நீயே சொல்லு, அரக்கா, மஞ்சளா?"

"ஏதோ ஒண்ணை வச்சுத் தைங்க. பிள்ளைகளுக்குக் குளிர் விடணும், அம்புட்டுத்தானே?"

நல்ல யோசனைதான். யார் கேட்டது? துண்டை உடம்பின் மேல் போர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. பனியில் நனைந்த துணி, புதுச் சாயம் வேறு. அரக்கைப் போர்த்தி எடுத்தால் முதுகு அரக்கு. மஞ்சளைப் போர்த்தினால் வயிறு மஞ்சள். தன் உடம்பைப் பார்க்க அவளுக்கு நேரம் ஏது? போர்வை மட்டும் பாதியிலேயே நின்றது.

ஒரு காலையில் குழி மண் இளகியது. விரல்கடை நீளத்தில் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து நடுங்கின.

"மேல போங்கடா செல்லங்களா, உங்க அம்மா அங்கதான் இருக்கா. பச்சையா இருப்பா" என்று சொல்லிவிட்டு இரை தேடப் பறந்தது சிட்டு.

தட்டுத்தடுமாறிக் குஞ்சுகள் மரமேறின. மேலே மஞ்சளும் அரக்குமாக யாரோ ஒருத்தி குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"பெரியம்மா, எங்க அம்மாவைப் பாத்தீகளா? பச்சையா இருப்பாளாம்."

அவள் நிமிரவில்லை. "பச்சையா? பச்சை இதுக்கு ஒத்துவராது. அரக்கா மஞ்சளா, அதைச் சொல்லுங்க."

"மஞ்சள்" என்றது ஒன்று. "அரக்கு" என்றது இன்னொன்று. எல்லாவற்றிலும் சின்னது, "குளிருது பெரியம்மா" என்றது.

"குளிருதுன்னா உங்க அம்மாகிட்டப் போங்க. எம் பிள்ளைகளுக்குப் போர்வை தச்சுக்கிட்டு இருக்கேன், தொந்தரவு பண்ணாதீக."

குஞ்சுகள் வந்த வழியே இறங்கின. ஒன்று வேலிப் பக்கம் போனது, ஒன்று ஓடைப் பக்கம் போனது, மற்றவை புதருக்குள் எங்கெங்கோ போய்விட்டன.

வெயில் ஏறியபின் சிட்டு திரும்பியது. "பிள்ளைகளைப் பாத்தீகளா மதினி? உங்களையே உரிச்சு வச்ச மாதிரி!"

அவள் கையிலிருந்த ஊசி விழுந்தது. அப்போதுதான் தன் உடம்பைக் குனிந்து பார்த்தாள். பச்சையையே காணோம். விழுந்தடித்து இறங்கி வந்தாள். குழி காலியாக இருந்தது.

"ஐயோ, எந்தப் பக்கம் போச்சுக?"

"எல்லாப் பக்கமும்" என்றது சிட்டு, வேலிக்கும் ஓடைக்குமாகப் பிரிந்து போன காலடித் தடங்களைப் பார்த்து.

வேலிப் பக்கம் ஒரு கால் வைத்தாள். ஓடைப் பக்கம் போனது சின்னதாக இருக்குமோ? காலை இழுத்துக்கொண்டாள். திரும்பவும் வைத்தாள், திரும்பவும் இழுத்தாள். பிள்ளைகள் பார்த்தால் அடையாளம் தெரியட்டும் என்று பச்சையாக மாற மூச்சைப் பிடித்தாள். பச்சை வந்தது, கூடவே மஞ்சளும் அரக்கும் வந்தன.

பச்சோந்தி முன்னும் பின்னும் ஆடி ஆடிக் கால் வைப்பதும், நிறம் நிறமாக மாறுவதும், ஒரு கண்ணை வேலிக்கும் ஒரு கண்ணை ஓடைக்குமாகச் சுழற்றுவதும் அன்று முதல்தான். அதன் குஞ்சுகள் பிறந்ததும் அம்மாவைத் தேடாமல் தம் வழியே நடப்பதும் அன்று முதல்தான்.