சருகுமானுக்கு விட்டுப்போன பொன்னாடை

மழை எட்டிப் பார்த்தே வெகுநாளான ஒரு காட்டில், முயலைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சருகுமான் இருந்தது. குட்டைக்குத் தண்ணீர் குடிக்கப் போனால் அதன் முறை எப்போதும் கடைசி. யானைகள் குடித்து, பன்றிகள் குடித்து, எருமை படுத்துப் புரண்டு எழுந்த பிறகு சேறுதான் மிஞ்சும். சருகுமான் கண்ணை மூடிக்கொண்டு அதைக் குடிக்கும். யாரிடமும் வாய் திறந்து கேட்காது. அதன் கூச்சம் அப்படி.

அந்தக் காட்டின் தலைவர் கரடி. மரியாதை செய்வதென்றால் அதற்கு உயிர். யாராவது தும்மினால்கூட ஒரு மாலை போட்டுவிடும்.

ஒருநாள் கரடி எல்லோரையும் கூட்டியது.

"உலகத்து மிருகங்கள் எல்லாம் கலந்துகொள்ளும் வேகப் பனிச்சறுக்குப் போட்டி! இந்த வருஷம் நம் காட்டில்தான்! ஜெயிப்பவர் ஒரு வருஷம் முழுக்கக் குட்டையில் முதல் ஆளாக இறங்கலாம்!"

"பனி என்றால் என்ன தலைவரே?" என்றது முயல்.

"எனக்கும் தெரியாது. வந்ததும் அதற்கும் ஒரு மாலை போட்டுவிடுவோம்."

முதல் ஆள்! தெளிந்த தண்ணீர்! சருகுமானுக்கு அன்று தூக்கமே வரவில்லை. மறுநாளே புங்கங்கொட்டைகளைப் பாறையில் போட்டு மிதித்தது. எண்ணெய் வடிந்து பாறை வழுக்கியது. தன் ஊசிக் குளம்புகளால் அதில் சறுக்கிச் சறுக்கிப் பழகியது. விழுந்தது, எழுந்தது. ஒருவரும் பார்க்கவில்லை, அதுவே அதற்கு நிம்மதி.

போட்டி நாளன்று பென்குயின் தன் ஊர்ப் பனியைப் பாய்போலச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தது. குட்டைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் அதை விரித்தது. பள்ளத்தின் கடைசியில் எருமை படுத்திருந்தது.

"அம்மா, கொஞ்சம் எழுந்திருங்கள். பனி விரிக்க வேண்டும்."

"என்னைச் சுற்றி விரித்துக்கொள். நான் எழுந்திருக்க மாட்டேன்."

எருமையின் முதுகை ஒட்டி, அதைச் சுற்றிப் பனியை விரித்தார்கள். எருமைக்கு மறுபக்கம் கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். கயிற்றைத் தாண்டினால் வெற்றி.

பனியில் சறுக்குவதற்காகப் பென்குயின் காலில் கத்தி கட்டிக்கொண்டது. கால் இல்லாத கடல்நாய் வயிற்றில் கட்டிக்கொண்டது. சருகுமான் ஓரமாக வந்து நின்றது.

"இத்தனை கூட்டத்தில் போட்டியாளர் யார் யார் என்று எப்படித் தெரியும்?" என்று பென்குயின் கேட்டது.

"பொன்னாடை போர்த்தியவர்கள் எல்லாம் போட்டியாளர்கள்!" என்றது கரடி. தேக்கிலைகளைத் தைத்து அது ஒரு மூட்டைப் பொன்னாடை கொண்டு வந்திருந்தது.

பென்குயினுக்கு ஒன்று போர்த்தி, அதன் பெருமைகளைப் பேசியது. கடல்நாய்க்கு ஒன்று போர்த்தி, அதன் மீசையைப் பற்றிப் பேசியது. படுத்திருந்த எருமை மனம் வருந்துமே என்று அதற்கும் ஒன்று போர்த்தியது. எருமை அதில் பாதியைத் தின்றுவிட்டது. கூட்டத்தின் கால்களுக்கு இடையில் நின்ற சருகுமான் மட்டும் கரடியின் கண்ணில் படவில்லை.

வெயில் ஏறியது. பனி வியர்த்தது. சருகுமானின் குளம்பு நனைந்தது.

"தலைவரே... பனி..." என்று அது முனகியது.

"பேச்சின் நடுவே யாரது? பனிக்கும் வாழ்த்துரை உண்டு, பொறு!"

வாழ்த்துரை முடிந்தபோது பனி அப்பளம்போல ஆகியிருந்தது.

"ஓடுங்கள்!" என்றது கரடி.

கடல்நாய் பாய்ந்தது. பனியில் ஓட்டை விழுந்தது. பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே என்று மாட்டிக்கொண்டு, "யாராவது இழுங்களேன்!" என்றது. பென்குயின் நாலடி போனது. பனி உடைந்து, காலில் கட்டிய கத்தி அடிச்சேற்றில் குத்தி, நட்ட கம்பம்போல நின்றது.

சருகுமானை மட்டும் அந்த அப்பளம் தாங்கியது. அது சறுக்கியது. காற்று காதில் இரைந்தது. அடியில் உருகிய பனித்தண்ணீர் கண்ணாடிபோலத் தெரிந்தது.

"யாரது? நம் காட்டுப் பிள்ளையா?" என்று கூட்டம் எழுந்தது. "ஓடு! ஓடு!"

கயிற்றுக்கு இன்னும் இரண்டே எட்டு.

அப்போதுதான் கரடி உற்றுப் பார்த்தது.

"ஐயோ! இந்தப் பிள்ளைக்குப் பொன்னாடை போடவில்லையே! போடாமல் ஜெயித்தால் செல்லாதே!"

"வேண்டாம் தலைவரே! வராதீர்கள்!" சருகுமான் தன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தியது.

"கூச்சப்படாதே அம்மா!" என்று கரடி பொன்னாடையை விரித்துக்கொண்டு பனிமேல் குதித்தது.

தொப்! பனி முழுக்க நொறுங்கியது. கரடியும் சருகுமானும் தண்ணீருக்குள் போனார்கள். சருகுமானின் வாயில் தெளிந்த, சில்லென்ற தண்ணீர் ஒரு மடக்கு இறங்கியது. ஆகா!

அந்தச் சில்லென்ற தண்ணீர் எருமையின் முதுகிலும் பட்டது. "சுகம்!" என்று அது ஒருமுறை புரண்டது. புரண்டதில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. தண்ணீர் முழுக்கச் சேறானது.

கரடி தலையைத் தூக்கிப் பார்த்தது. கயிற்றைத் தாண்டியவர் எருமை. தோளில் அரைப் பொன்னாடை. சட்டம் சட்டம்தானே?

"உலக வெற்றியாளர், எருமை!"

"மெதுவாகச் சொல்லுங்கள். தூங்குகிறேன்" என்றது எருமை.

மறுநாள் காலை எருமை முதல் ஆளாகக் குட்டையில் இறங்கிப் படுத்துக்கொண்டது. அதன் பின்னால் யானை, பன்றி, கரடி, கடைசியில் சருகுமான். எல்லோருக்கும் சேறுதான்.

கரடி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தது. "இதை நீ எப்படி அம்மா தினமும் குடிக்கிறாய்?"

"கண்ணை மூடிக்கொண்டு, தலைவரே."

"அடடா, எப்பேர்ப்பட்ட திறமை!" என்ற கரடி, வரிசையை விட்டு விலகிப் பொன்னாடை எடுக்க ஓடியது.

நீதி: வேலை முடியுமுன் செய்யும் பாராட்டு, வேலையையே கெடுக்கும்.