மகுடத்துக்கு மேலே ஒரு தொட்டி

முன்னொரு காலத்தில் பனிச்சோலை நாட்டை நெடுமுடியார் என்றோர் அரசர் ஆண்டுவந்தார். பேரில்தான் நெடுமை, ஆள் குள்ளம். குறையை மறைக்க இரண்டு முழ உயரத்தில் மகுடம் செய்து மாட்டிக்கொண்டார். அதோடு விட்டாரா? "நான் இருக்கும் இடத்தில் என் மகுடத்தைவிட உயரமாக யாரும் எதையும் வைக்கக் கூடாது!" என்று சட்டமும் போட்டுவிட்டார். கூரைக்கும் மரத்துக்கும் மட்டும் விலக்கு. அவர் தெருவில் வந்தால் கூரைமேல் நிற்கும் சேவலைக்கூட விரட்டி இறக்குவார்கள்.

இதைக் கண்காணிக்கவே விழுப்பரையர் என்றொருவர் கையில் அளவுகோலோடு அலைந்தார். அவருக்கு அமைச்சர் பதவிமேல் நெடுநாள் கண். ஆனால் அமைச்சராக இருந்தவள் அல்லிக்கோதை என்ற இளம்பெண். ஐந்து மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் அவைக்கு வருவாள். அரையருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அரசருக்கு ஓய்வெடுக்க ஆசை வந்தது. மலைமேல் ஒரு சின்ன வீடு கட்டித் தந்தாள் அல்லிக்கோதை. அங்கே வாய்க்காலும் கிடையாது, கிணறும் கிடையாது. பள்ளத்து ஊற்றிலிருந்து கழுதைகள் தண்ணீர் சுமந்து வரும். அதை முற்றத்துத் தொட்டியில் ஊற்றினால், மூங்கில் குழாய் வழியாகக் குளியலறைக்கு வரும். தொட்டியை எங்கே வைப்பது? அரையர் கோலால் அளந்து, மகுடத்துக்குக் கீழேதான் வைக்கவிட்டார்.

சனிக்கிழமை வந்தது. தலை நிறைய எண்ணெய், அதன்மேல் சீயக்காய். அரசர் குழாயின் அடைப்பைப் பிடுங்கினார்.

சொட்டு... சொட்டு...

"ஆட்டுக்குட்டி எச்சில் மாதிரி ஒழுகுதே! ஐயோ, கண்ணு! கண்ணு எரியுதே!"

மலையே அதிர்ந்தது. அரையர் ஓடிவந்தார். "தொட்டி சின்னது மன்னா! எல்லாம் அம்மணியின் சிக்கனம். என்னிடம் விடுங்கள்!"

அடுத்த சனிக்கிழமைக்குள் யானை இறங்கி நீந்தும் அளவுக்கு ஒரு தொட்டி கட்டினார். தண்ணீர் சுமந்தே கழுதைகள் இளைத்துப்போயின. அரசருக்கு மறுபடி எண்ணெய், மறுபடி சீயக்காய். அடைப்பைப் பிடுங்கினால்... அதே சொட்டு!

அரையர் சட்டென்று அல்லிக்கோதையை நோக்கிக் கையை நீட்டினார். "வீடு கட்டியது யார் மன்னா? குழாய் வைத்தது யார்?"

அல்லிக்கோதை முன்னால் வந்தாள். "மன்னா, வேகம் தண்ணீரின் அளவில் இல்லை, அது இறங்கிவரும் உயரத்தில் இருக்கிறது. பழைய சின்னத் தொட்டியே போதும். அதை இரண்டு ஆள் உயரத்துக்கு ஏற்றினால்..."

"மகுடத்துக்கு மேலேயா? ராஜத் துரோகம்!" என்று குதித்தார் அரையர்.

அரசரின் முகம் கண்ணைவிடச் சிவந்தது. "தொட்டி உயரவும் கூடாது, தண்ணீர் ஒழுகவும் கூடாது. வருகிற சனிக்கிழமை அருவியாகக் கொட்டணும். இல்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போய்விடு!"

எல்லைக்கு அப்பால் சிறுத்தை திரியும் காடு. கைக்குழந்தையோடு எங்கே போவது? ஆனாலும் அல்லிக்கோதையின் புத்தி கலங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. வயிறு முட்டப் பால் குடித்த பிள்ளையோடு, மலைவீட்டு முற்றத்தில் மகுடத்தோடு இருந்த அரசர் முன்னால் வந்து நின்றாள்.

"அருவியாகக் கொட்டும் தொட்டி எங்கேம்மா?" என்றார் அரசர்.

"கொண்டுவந்திருக்கிறேன் மன்னா. கொஞ்சம் பிடியுங்கள்" என்று பிள்ளையை நீட்டினாள்.

பிள்ளை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அப்புறம் எந்த அரசனால் சும்மா இருக்க முடியும்? "அடேய் குட்டி ராஜா!" என்று தூக்கினார். மார்புக்கு, தோளுக்கு, இன்னும் எட்டி மகுடத்துக்கும் மேலே!

சர்ர்ர்ர்!

மகுட உச்சியில் பட்டுத் தெறித்து, நெற்றி, மூக்கு, மீசை என்று இறங்கியது. அரையரின் கையோ தானாகக் கோலை நீட்டியது. "குற்றம்! மகுடத்துக்கு மேலே ஒரு சாண்! இறக்குங்கள் அவனை!"

அரசர் மீசையைத் துடைத்தார். "அரையரே, இவனைத் தூக்கியது யார்?"

"தா... தாங்கள்தான்."

"அப்படியானால் என்னையா எல்லை கடத்தப் போகிறீர்?"

அரையரின் கோல் தரையைப் பார்த்தது. அரசருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அடேயப்பா! இத்தனூண்டு தொட்டி, என்ன வேகம்!"

"உயரத்தில் இருக்கிறதே மன்னா! அரையரின் குளம் காலடியிலேயே கிடக்கிறது" என்றாள் அல்லிக்கோதை. "ஒன்று கேட்கலாமா? என் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கினீர்களே, அதனால் தாங்கள் குறைந்துவிட்டீர்களா?"

அரசர் குனிந்து தம் கால்களைப் பார்த்தார். நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தார். "இல்லையே... கொஞ்சம் வளர்ந்த மாதிரி அல்லவா இருக்கு!"

தொட்டியை மேலே ஏற்றக் கட்டிய முதல் கயிற்றை அரசரே இழுத்தார். பழைய சின்னத் தொட்டி, கல்தூண்களின்மேல் இரண்டு ஆள் உயரத்தில் ஏறி உட்கார்ந்தது. மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டு அரசர் அடைப்பைப் பிடுங்கினார். சோவென்று கொட்டியது பாருங்கள், சீயக்காய் போன இடம் தெரியவில்லை! "இன்னும்! இன்னும்!" என்று உள்ளே ஒரே கும்மாளம்.

வெளியே வந்ததும் முதல் வேலையாகச் சட்டத்தை ரத்து செய்தார். மகுடத்தில் ஒரு முழத்தை வெட்டச் சொல்லி, அந்தப் பொன்னில் பிள்ளைக்கு அரைஞாண் செய்து தம் கையாலேயே கட்டினார்.

அரையருக்குப் பதவி போகவில்லை. அதே கோலோடு தினமும் ஏணியேறி, தொட்டி அரசர் தலைக்கு மேலே, அதே இரண்டு ஆள் உயரத்தில் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். கீழே இறங்கியதும், தண்ணீர் வேகமாக வருகிறதா என்று பார்க்க முதல் குளியல் அவருக்குத்தான், கண் நிறையச் சீயக்காயோடு!

பனிச்சோலை நாட்டில் அதற்குப்பின் யார் வீட்டில் தொட்டி வைத்தாலும், முதலில் ஒரு கைக்குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்ப்பார்களாம். நனைந்தவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதுதான் இப்போது அங்கே சட்டம்!