நாலாவது வியாழக்கிழமை

“சாமி, அந்த அம்மாவை இனிமே வரிசையில சேர்க்க முடியாது” என்றான் சீடன் தில்லைநாதன். ஆசிரமத்தில் கேள்வி கேட்க வருகிறவர்களின் பெயரைக் குறித்து, ஒவ்வொருவராகக் கூப்பிடுவது அவன் வேலை.

“ஏனாம்?”

“மூணு வியாழக்கிழமையா வர்றாங்க. முறை வந்ததும் பொண்ணு ஓடுது. பின்னாடியே இவங்களும் ஓடுறாங்க. இன்னும் கேள்வியைக் கேட்டபாடில்லை.”

“பொண்ணு எங்கே ஓடுது?”

“எங்கே ஓடலைன்னு கேளுங்க! போன வாரம் உங்க ஓலை விசிறியை மாட்டுக்குத் தின்னக் கொடுத்துடுச்சு.”

“ஓ, அதான் காணோமா?” குரு சிரித்தார்.

நாலாவது வியாழனும் செண்பகவல்லி வந்தாள். ஏழு வயது மகள் நறுமுகையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

“டாக்டர்கிட்ட காட்டியாச்சு சாமி. கவனக்குறைவு, அதீதத் துடிப்புன்னு சொன்னாங்க. பயிற்சி நடக்குது. அதுக்காக வரலை.”

“பின்னே?”

அவள் மூக்கால் பேசிக் காட்டினாள். “‘வேற ஸ்கூல் பாத்துக்கங்களேன் மேடம்.’ இது டீச்சர்.” குரல் தடித்தது. “‘எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு உண்டா?’ இது மாமியார்.” அப்புறம் ஓர் இழுப்பு. “‘ரெண்டு சாத்து சாத்தும்மாஆ, அடங்கிரும்.’ இது பஸ்ல யாரோ.”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“யார் என்ன சொன்னாலும் இவளை நான் விடப்போறதில்லை. ஆனா நான் உட்கார்ந்து, தூங்கி நாலு வருஷமாச்சு. நானே விழுந்துட்டா இவளுக்கு யாரு? நான் விழாம இருக்க...”

பிடித்த கையில் பிள்ளை இல்லை. நறுமுகை தோட்டத்துப் பக்கம் பறந்துகொண்டிருந்தாள்.

செண்பகவல்லி எழுந்தாள். குரு முந்திக்கொண்டார்.

“நீ உட்காரும்மா.”

வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினார். கேள்வி நேரத்தில் அவர் ஆசனத்தை விட்டு எழுந்து தில்லைநாதன் பார்த்ததே இல்லை.

தோட்டத்திலிருந்து சத்தம் மட்டும் வந்தது.

“தாத்தா, பிடி பாக்கலாம்!”

“ஏய், கொய்யா மரத்துல ஏறாதே! ...சரி, எனக்கும் ஒண்ணு பறி!”

அரை மணி கழித்து, முழங்காலில் மண்ணோடு, மூச்சிரைக்க, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

செண்பகவல்லி தூணில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

தில்லைநாதன் பதறினான். “இன்னும் இருபது பேர் காத்திருக்காங்க சாமி. இந்தம்மா கேள்விக்கு எப்போ பதில் சொல்லப்போறீங்க?”

“மெதுவாப் பேசு, எழுந்துடப்போறா” என்றார் குரு. “இவ்வளவு நேரமும் சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன். பாதியிலேயே எனக்கு மூச்சு முட்டிருச்சு.”

நறுமுகை மறுபடி கையை உதறினாள். மாட்டுத் தொழுவத்தை நோக்கி ஓட்டம்.

குரு அவனைப் பார்த்தார்.

தில்லைநாதன் பெயர்ச் சீட்டைக் கீழே வைத்தான். வேட்டியை வரிந்து கட்டினான்.