ஈரச் சாக்குப் பொன்னாடை

கோயம்புத்தூரில் ராமபத்ரன் முதலாளி வைத்திருந்த கார் ஒர்க்‌ஷாப்பில் எந்த வேலையானாலும் அவர் கை பட்டுத்தான் தொடங்க வேண்டும். அப்பேர்ப்பட்ட கைராசி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவரேதான்.

அன்றைக்கு ஒரு பழைய ரேஸ் காருக்குப் பெட்ரோல் அழுத்தம் காட்டும் மீட்டர் பொருத்த வேண்டும். பெட்ரோல் குழாயின் இணைப்பில் ஓட்டை போட்டு, மீட்டரைத் திருகி மாட்ட மரை வெட்டினால் போதும்.

"இணைப்பைக் கழட்டிட்டு வந்து போடறனுங்க" என்றான் ஃபிட்டர் சென்னியப்பன்.

"கார்க்காரர் வந்துட்டே இருக்கார். வண்டியில இருக்கறபடியே போடு. முடியாதுன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

சென்னியப்பன் தலையைச் சொறிந்தான். "சரிங்க. ஓட்டை உங்க கைராசியிலயே ஆகட்டுங்க" என்று ட்ரில் மெஷினை அவர் கையில் கொடுத்தான். எல்லோரும் பார்க்கும்போது முதலாளி மறுக்க முடியுமா? மிடுக்காகக் குனிந்தார்.

சென்னியப்பன் மணல் வாளியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தான். ஈரச் சாக்கு ஒன்றைப் பொன்னாடை மாதிரி அவருக்குப் போர்த்தினான்.

"இது எதுக்குடா?"

"குழாய்ல பெட்ரோல் நிக்குதுங்க, ட்ரில்லுல பொறி பறக்குமுங்க. உங்க கைராசிக்கு ஒண்ணும் ஆகாதுங்க. எதுக்கும் இருக்கட்டும்னுதான்."

முதலாளி ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் நின்றுகொண்டுதான் வாயைத் திறந்தார். "கழட்டுடா அதை! மேசையில வச்சுப் போடு!"

அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

கார்க்காரர் வந்து வண்டியைக் கிளப்பியபோது மீட்டர் முள் சரியான அழுத்தத்தில் ஆடாமல் நின்றது. ஒரு சொட்டுக் கசிவில்லை.

"எல்லாம் என் கைராசி" என்றார் முதலாளி.

"ஆமாங்க" என்றான் சென்னியப்பன், சாக்கைப் பிழிந்துகொண்டே. "நீங்க கையை எடுத்த நேரம் நல்ல நேரமுங்க."